ஆயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு

தார்ஸோனோ ஆற்றங்கரைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்த அன்று இரண்டு உடைந்தன. ஒன்று அவனுடைய இடது கணுக்கால். மற்றொன்று அவன் கையிலிருந்த பீங்கான் கிண்ணம். கணுக்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கிண்ணத்துக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மாலாங் நகரில் மழைக்காலம் பாதி தாண்டியிருந்தது. பிரந்தாஸ் ஆறு காப்பி நிறத்தில் ஓடியது. ஆற்றை ஒட்டி அடுக்கடுக்காக இறங்கும் சந்துகளில் கடைசிக்கு முந்தைய வீடு அவர்களுடையது. அவன் மனைவி லஸ்மினி விடிகாலை சுபுஹுத் தொழுகை முடித்த கையோடு அடுப்பைப் பற்றவைத்தாள். எலும்பு ஒரு பக்கம் கொதித்தது. சந்தையில் அரைத்து வாங்கிவந்த மாட்டிறைச்சியில் பூண்டும் உப்பும் மரவள்ளி மாவும் ஐஸ் துண்டுகளும் போட்டுப் பிசைந்து, கைப்பிடிக்குள் வைத்து நசுக்கினாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுங்கி வந்ததைக் கரண்டியால் வழித்து வெந்நீரில் விட்டாள். உருண்டைகள் அடியில் கிடந்து, வெந்ததும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்கிற வேலை இது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விற்பதுதான் அவன் வேலையாக இருந்தது.

"நீ தள்ளிடுவியா, லஸ்?" என்று பாயிலிருந்து கேட்டான் தார்ஸோனோ.

"நீங்க தள்ளினது என்ன, ரயிலா?" என்றாள் அவள். புருஷனை மாஸ், அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

"மேட்டுல ஏறும்போது சூப்பு பின்னால சாயும். சட்டிய இறுக்கிக் கட்டிக்க."

"கட்டியாச்சு மாஸ். சத்தம் கொடுக்கத்தான் வேற கிண்ணம் எடுத்துட்டுப் போறேன்."

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இந்த உருண்டை சூப்புக்குப் பெயர் பக்ஸோ. அதை விற்கிறவன் வாயைத் திறந்து கூவுவதில்லை. கிண்ணத்தை விரல் நுனிகளில் ஏந்திக் கரண்டியால் தட்டிக்கொண்டே போவான். வீட்டுக்குள் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே இன்னாருடைய வண்டி என்று தெரிந்துகொண்டு பாத்திரத்தோடு வருவார்கள். ரொட்டிக்காரனுக்கு ஊதல், குச்சியில் இறைச்சி சுட்டு விற்கும் சத்தேக்காரனுக்கு மாட்டுமணி, நூடுல்ஸ்காரனுக்கு மூங்கில் கட்டை.

பாலத்துக்கு அப்பால் மேட்டில் இருக்கும் குடியிருப்பில் இந்தச் சத்தங்களால் இரண்டு வருஷத்துக்கு முன்பு பெரிய சண்டை வந்தது. ஒரே நேரத்தில் பதினோரு வண்டிகள் நுழைந்து ஊதவும் தட்டவும், படுக்கையில் கிடந்த நோயாளிகள் அழாத குறை. ஐயா என்ற பொருளில் எல்லோரும் பாக் என்று அழைக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் விர்யவான், நீர்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வண்டிக்கு ஒரு நேரம், ஒரு சத்தம். எந்தப் பொருளைத் தட்டினாலும் அதற்கென்று ஒரு அதிர்வு உண்டு. வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று போனில் அளந்து, அந்த எண்ணைப் பெயருக்குப் பதிலாகப் பதிவேட்டில் எழுதினார். அந்த எண் இல்லாத வண்டி உள்ளே வரக்கூடாது. சண்டை நின்றுபோனது. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். தார்ஸோனோவும் பாராட்டினான். அவனுடைய கிண்ணத்தின் எண் ஆயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு. நேரம் நாலிலிருந்து ஐந்தரை.

வண்டியில் கொண்டுபோகும் மூன்று பங்கில் இரண்டு பங்கு விற்பது அந்த மேட்டில்தான்.

புதன்கிழமை நாலு மணிக்கு லஸ்மினி அந்தக் குடியிருப்பு வாசலின் தடுப்புக் கம்பிக்கு முன்னால் நின்று கிண்ணத்தைத் தட்டினாள். காவலர் ஜுமாலி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது தாண்டிய மனிதர். போனை நீட்டிப் பிடித்து இன்னொரு தடவை தட்டச் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்தார். அம்மா என்பதற்கு அங்கே இபு.

"தப்பா எடுத்துக்காதீங்க இபு. உங்க எண்ணு ஆயிரத்து இருநூத்தி அறுபத்திரண்டு. இது ஆயிரத்து நூத்தி நாப்பது காட்டுது. அஞ்சு கூடக் குறைய இருந்தா விட்டுடலாம்."

"எண்ணு மாறினா ஆள் மாறிடுவாளா பாக்? இந்த வண்டியத் தெரியலையா உங்களுக்கு?"

"வண்டியத் தெரியும். உங்களத் தெரியும். மாஸ் தார்ஸோனோ எத்தன நாள் எனக்கு உருண்ட கூடப் போட்டாருங்கறதும் தெரியும். பாக் விர்யவானுக்கு இந்தப் போன் சொல்றதுதான் தெரியும்."

"அவர்கிட்ட சொல்லுங்க, கிண்ணம் உடைஞ்சு போச்சுன்னு."

"கேள்விப்பட்டதும் காலையிலயே சொன்னேன். விதின்னா எல்லாருக்கும்தானேன்னார். திங்கட்கிழமை வரைக்கும் இடம் வச்சிருப்பாராம். அப்புறம் காத்திருக்கற ஆளுக்குக் கொடுத்துடுவாராம். மோட்டார் வண்டி, ஒலிபெருக்கி எல்லாம் வச்சிருக்கான் அவன்."

லஸ்மினி வண்டியைத் திருப்பினாள். இருபது அடி போயிருப்பாள். பின்னாலிருந்து ஜுமாலி ஓடிவந்து அவளுடைய போனைக் கேட்டு வாங்கி, அளக்கும் செயலியை அதில் ஏற்றிக் கொடுத்தார். எண்ணையும் சிகரெட் பெட்டியின் உள்தாளில் எழுதிக் கொடுத்தார். "நான் கொடுத்தேன்னு சொல்ல வேண்டாம்" என்றார். பிறகு, கொஞ்சம் யோசித்து, "சொன்னாலும் பரவாயில்ல" என்றார்.

மறுநாள் காலை அவள் பழைய சாமான் சந்தைக்குப் போனாள். பீங்கான் கடைக்காரி தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தாள். லஸ்மினி சேவல் படம் போட்ட கிண்ணங்களை ஒவ்வொன்றாக விரலில் ஏந்தித் தட்டி, போனைப் பார்த்து, ஓரமாக வைத்தாள். ஒரே அச்சில் வந்த கிண்ணங்கள்தான். ஆனால் ஒன்று ஆயிரத்து நூறு, ஒன்று ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. அடுத்தடுத்து இருந்த இரண்டுகூட ஒத்துப்போகவில்லை.

"வாங்க வந்தியா, கச்சேரி வைக்க வந்தியா?" என்றாள் கடைக்காரி.

"வாங்கத்தான். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"விரிசல் பாக்கறதுக்கு ரெண்டு தட்டு போதுமே. என் கடையில விரிசல் கிடையாது. என் மூஞ்சியிலதான் இருக்கு."

"விரிசல் பாக்கல இபு. எண்ணு பாக்கறேன்." லஸ்மினி விஷயத்தைச் சொன்னாள்.

கடைக்காரி கடலையைக் கீழே வைத்தாள். "கிண்ணத்துக்கு எண்ணா? என் புருஷன் செத்தப்ப அவருக்குக்கூட ஒரு எண்ணுதான் கொடுத்தாங்க, மண்ணுக்குள்ள" என்றாள். பிறகு எழுந்து, பின்னால் கட்டு பிரிக்காமல் இருந்த கிண்ணங்களையும் வைக்கோலோடு இழுத்துப் போட்டு, தானும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டாள். இருவரும் மத்தியானத் தொழுகைக்கு பாங்கு சொல்லும் வரை தட்டினார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தொண்ணூற்றாறு கிண்ணங்களில் அருகே வந்தது ஒன்றுதான். ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்று.

"பத்தொம்பது அதிகம்" என்றாள் லஸ்மினி.

"எடுத்துட்டுப் போ. சரிவரலைன்னா சாப்பிட வச்சுக்க. கிண்ணம்தானே" என்றாள் கடைக்காரி. கிண்ணத்தைச் சுற்ற, தான் படித்து முடிக்காத செய்தித்தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

தார்ஸோனோ கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருஷம் கமெலான் வாத்தியப் பட்டறையில் துருத்தி ஊதியிருக்கிறான். வெண்கலத் தகட்டை நடுவில் சுரண்டினால் சத்தம் இறங்கும், ஓரத்தில் சுரண்டினால் ஏறும் என்று அங்கே பார்த்திருக்கிறான். அந்த அறிவு இத்தனை நாள் எதற்கும் பயன்பட்டதில்லை. கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சாணைக்கல்ல எடு. தண்ணி கொண்டா" என்றான்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவன் தேய்த்தான். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, மல்லாந்து படுத்து, கிண்ணத்தை நெஞ்சின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, வயிற்றுப் பாகத்தைக் கல்லால் தேய்த்தான். தொழுகை நேரத்தில் மட்டும் நிறுத்தினான். படுத்தபடியே கண்ணசைவாலும் தலையசைவாலும் தொழுதான். பிறகு பிஸ்மில்லா சொல்லி மறுபடி கல்லை எடுத்தான். பீங்கான் சேறு வெள்ளையாக வழிந்து அவன் சட்டையெல்லாம் அப்பியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேவலின் வால் போயிருந்தது. எண் ஐந்து இறங்கியிருந்தது.

அந்த மூன்று நாளும் லஸ்மினி கீழ்ச்சந்துகளிலேயே வண்டியைத் தள்ளினாள். அங்கே வாங்குகிறவர்கள் அரைக் கிண்ணம்தான் கேட்பார்கள். மிஞ்சிய உருண்டைகளை அவர்களே மூன்று வேளையும் தின்றார்கள். சனிக்கிழமை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாள்.

"இன்னும் எவ்வளவு மாஸ்?"

"ஏழு. தொண்டை காயுது, காப்பி போடு."

"ஒரே இடத்தத் தேய்க்கிறீங்களே. கோழி முழுசாப் போயிடுச்சு."

"இந்தப் பக்கம்தான் கைக்கு வாகா இருக்கு. திருப்பினா நழுவுது."

அவள் காப்பியை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"நாம உருண்ட நல்லா வரணும்னுகூட இப்படிப் பாடுபட்டதில்ல" என்றாள். "இது எதுக்குன்னு எனக்குப் புரியல. திங்கறது சத்தத்தையா, உருண்டையையா?"

"உனக்குத் தெரியாது, லஸ். நீ அடுப்படியிலேயே இருந்துட்ட. வீட்டுக்குள்ள இருக்கறவன் என் மூஞ்சியப் பாக்கறதில்ல. அந்தச் சத்தம்தான் என் மூஞ்சி. கதவத் தொறக்கறது அதுக்குத்தான்."

"அப்ப நான் போனா? உங்க மூஞ்சிய மாட்டிக்கிட்டா போகணும்?"

தார்ஸோனோ கல்லை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். சிரித்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு போன் ஆயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு என்று காட்டியது. மூன்று தடவை தட்டினார்கள். மூன்று தடவையும் அதே எண். சேவல் இருந்த இடம் மங்கலாக, உப்புப் படிந்ததுபோல் இருந்தது. தார்ஸோனோ கிண்ணத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான். எடுத்து வைக்கப் போனவள், கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை வாசலில் ஜுமாலியோடு பாக் விர்யவானும் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட பாத்திக் சட்டை, கையில் பதிவேடு. சலாம் சொன்னார். தார்ஸோனோவின் காலைப் பற்றி விசாரித்தார். விசாரித்தது உண்மையான விசாரிப்புதான். லஸ்மினி கிண்ணத்தை ஏந்தித் தட்டினாள்.

"அறுபத்திரண்டு" என்றார் ஜுமாலி, தானே தேய்த்ததுபோல்.

விர்யவான் கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். மங்கிய இடத்தைத் தடவினார். பிறகு கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துத் தட்டினார். போனைப் பார்த்தார். மறுபடி திருப்பித் தட்டினார்.

"இங்க தட்டினா அறுபத்திரண்டு. இங்க தட்டினா எழுபத்து நாலு. இதுல ரெண்டு சத்தம் இருக்கு இபு. ஒரு பக்கம் மட்டும் தேய்ச்சிருக்கீங்க."

"தேய்ச்ச பக்கம்தான் நான் தட்டுவேன்."

"இன்னிக்குத் தட்டுவீங்க. நடந்துக்கிட்டே தட்டும்போது கிண்ணம் கையில சுத்தும். ஒரு வண்டிக்கு ஒரு சத்தம்னு எழுதியிருக்கு. உங்களுக்கு ரெண்டு விட்டா நாளைக்கு ரொட்டிக்காரர் ரெண்டு ஊதல் கேப்பார். நான் என்ன சொல்றது?"

லஸ்மினிக்கு வெயிலில் கண் கூசியது. மழைக்கு முந்திய வெயில், பிடரியில் ஊசியாக இறங்கியது. தார்ஸோனோவின் தோலுரிந்த விரல்கள் ஞாபகம் வந்தன. வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசலை ஒட்டிய முதல் வீடு விர்யவானுடையது. அவர் மனைவி ரெத்னோ வெளியே வந்தார். பேச்சு எதிலும் கலந்துகொள்ளாமல், கரண்டி போட்ட ஒரு கோப்பைத் தேநீரை லஸ்மினியின் கையில் கொடுத்தார். "வெயில்ல நிக்கிறீங்களே. முதல்ல குடிங்க" என்றார்.

லஸ்மினி பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை அடியில் தங்கியிருந்தது. கரண்டியால் கலக்கினாள். கலக்கிய கரண்டியைக் கோப்பையின் விளிம்பில் தட்டி உதறினாள், எல்லோரும் செய்வதுபோல. ஐந்து நாளாகத் தட்டல் கேட்டே பழகிய காது நிமிர்ந்தது. கோப்பையைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு தடவை தட்டினாள். பிறகு பிடிக்கு நேர் எதிரே. பிறகு அங்கிருந்து அரைக்கால் சுற்று தள்ளி.

"பாக்" என்றாள். "உங்க போனக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க."

அவர் பிடித்தார். அவள் தட்டினாள். பிடிக்கு எதிரே ஒரு எண். அரைக்கால் சுற்று தள்ளித் தட்டினால் எழுபது போல அதிகம். ஜுமாலி கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக் கோப்பையிலயும் ரெண்டு இருக்கு."

விர்யவான் கோப்பையை வாங்கித் தானே சுற்றிச் சுற்றித் தட்டினார். தேநீர் கையில் சிந்தியதைக் கவனிக்கவில்லை. முப்பது வருஷம் குழாய்களைத் தட்டிப் பார்த்த மனிதர். பொய் சொல்ல அவருக்கு வராது.

"பிடி இருக்கறதால அப்படி" என்றார் கடைசியில். "பிடி ஒரு பக்கம் பாரம்."

"என் கிண்ணத்துல என் வீட்டுக்காரர் தேய்ச்ச இடம் இருக்கு. அதனால அப்படி."

 விர்யவான் பதிவேட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார். "சரி. உங்களுக்கு மட்டும் ரெண்டு எண்ணும் எழுதிக்கறேன். அறுபத்திரண்டு, எழுபத்து நாலு. போங்க."

அவள் நினைத்து வந்தது கிடைத்துவிட்டது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். ஜுமாலி தடுப்புக் கம்பியின் கயிற்றில் கை வைத்துவிட்டார்.

"எழுதாதீங்க பாக்" என்றாள் லஸ்மினி.

"ஏன்?"

"இதுவும் ஒரு நாள் உடையும். பீங்கான்தானே. அப்ப மறுபடியும் அவர் மல்லாந்து படுத்துத் தேய்க்கணும். அவர் விரல நீங்க பாக்கல. எண்ண எழுதாதீங்க. என் பேர எழுதுங்க. லஸ்மினி. நாலுலேர்ந்து அஞ்சரை."

"பேரு காதுல விழாதே இபு. உள்ள இருக்கறவங்களுக்குச் சத்தம்தானே கேக்கும்."

"கேட்டா வெளிய வந்து பாக்கட்டும். மனுஷிதானே நிக்கறேன்."

"இந்தக் கட்டத்துல எண்ணுதான் எழுதணும்னு சங்கத்துல முடிவு பண்ணியிருக்கு. அத நான் ஒருத்தனா மாத்த முடியாது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல கேக்கறேன். அதுவரைக்கும் ரெண்டு எண்ணோட போங்கங்கறேன், நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நல்லதுக்குன்னு தெரியுது பாக். உங்கமேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா நான் எண்ணோட போக மாட்டேன்."

அவள் தார்ஸோனோ தேய்த்த கிண்ணத்தை வாங்கித் துணியில் சுற்றி, வண்டியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்தாள். அடுக்கிலிருந்து சாப்பிடக் கொடுக்கும் கிண்ணம் ஒன்றைப் பார்க்காமலே உருவினாள். விளிம்பில் சின்னதாகச் சில்லு போயிருந்தது. விரல்களில் ஏந்தித் தட்டினாள். மூக்கடைத்தவன் பேசுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"இது என்ன எண்ணு?" என்று விர்யவான் தன்னையறியாமல் போனைத் தூக்கினார்.

"எனக்குத் தெரியாது பாக்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஜுமாலி தடுப்பைத் தூக்கி அதை வெளியே விட்டார். வண்டி போய்ப் பாலத்தைத் தாண்டியும் அவர் கயிற்றை விடவில்லை. ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, "மழை வரும்போல இருக்கு" என்றார். அவருக்கு அந்த வேலையை விட்டால் வேறு வேலை கிடையாது. லஸ்மினிக்கு அது தெரியும். ஒரு கணம் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வண்டியைத் தள்ளினாள்.

"இபு" என்று விர்யவான் கூப்பிட்டார். அவள் தட்டிக்கொண்டே போனாள். அவர் பின்னால் வரவில்லை.

முதல் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. கணவன் சொன்னது சரிதான் என்று பட்டது. அந்தச் சத்தம் இங்கே யாருக்கும் யாருடையதாகவும் இல்லை. சூப்புச் சட்டியில் ஆவி எழுந்து அவள் முகத்தில் அடித்தது. இரண்டாவது தெருவிலும் திரைச்சீலைகள் மட்டும் அசைந்தன. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை, தட்டுவதையும் குறைக்கவில்லை. யா அல்லாஹ், நான் பிடிவாதக்காரி, நீதான் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது தெருமுனையில் சாரம் கட்டிய கிழவர் ஒருவர் வாசலுக்கு வந்தார்.

"யாரும்மா அது, தகரத்தப் போட்டு அடிக்கறது?"

"பக்ஸோ, பாக். தார்ஸோனோ வீட்டுக்காரி."

"அவனா? அஞ்சு நாளாக் காணோமேன்னு பாத்தேன். என்ன ஆச்சு?"

"கால் உடைஞ்சு போச்சு."

"அடடா" என்று அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "அடியே, அந்தப் பெரிய பாத்திரத்த எடுத்துட்டு வா. பக்ஸோக்காரன் பொண்டாட்டி வந்திருக்கா." பிறகு எதிர் வீட்டைப் பார்த்தும் சத்தம் போட்டுச் சொன்னார். அவருடைய குரல் கிண்ணத்தைவிட நன்றாகக் கேட்டது.

எதிர் வீட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர். ஒவ்வொருவரும் கால் எப்படி உடைந்தது என்று கேட்டார்கள். லஸ்மினி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். நூடுல்ஸும் உருண்டையும் பொரித்த மாவு மடிப்பும் போட்டு, சூப்பு ஊற்றி, வெங்காயத்தாள் தூவிக் கொடுத்தாள். தார்ஸோனோவுக்கு வாடிக்கைக்காரர்களின் ருசி மனப்பாடம். அவளுக்குத் தெரியாது. ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ரெத்னோ தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். கையில் மூடிபோட்ட பாத்திரம் இருந்தது.

"ரெண்டு பேருக்குப் போடுங்க. அவருக்கு மிளகாய் வேண்டாம், வயித்துக்கு ஆகாது."

"பாக் வாங்கிட்டு வரச் சொன்னாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. அலமாரியில இருக்கற கோப்பையெல்லாம் மேஜையில பரப்பி வச்சுத் தட்டிக்கிட்டு இருக்கார்" என்றார் ரெத்னோ. "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நானும் போவேன். இது வரைக்கும் போனதில்ல."

லஸ்மினி பாத்திரத்தை வாங்கி நிரப்பினாள். மிளகாய் போடாத பங்கில் உருண்டை ஒன்று கூடப் போட்டாள். மழையின் முதல் துளிகள் வண்டிக் கூரையில் விழுந்தன. இன்னும் நாலு தெரு இருந்தது. அவள் சில்லுப்போன கிண்ணத்தை எடுத்தாள். எந்தப் பக்கம் தட்டுகிறோம் என்று பார்க்காமல், பலமாகத் தட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் திரும்பினாள்.